ராக்கியப்பன் கடைக் கம்ப்யூட்டருக்கு நான் செய்த சிகிச்சை

ஏப்ரல் 24, வியாழன்

நாளது தேதியில், கோபிசெட்டிபாளையம் வாய்க்கால் வீதியில் மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும், பதினாறு வயது நிரம்பிய, சுயபுத்தியும் அதற்கு மேல் கொஞ்சம் உபரி புத்தியும் உடைய கிரிதரன் ஆகிய நான், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி இந்த நோட்டில் எழுதி வைக்கும் பிரகடனம் என்னவென்றால்: எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வையகம் கவனிக்கவும்.

கவனித்த வையகம் சிரிக்காமலும் இருக்கவும். வந்தது பழைய கம்ப்யூட்டர். பத்திர எழுத்தர் ராக்கியப்பன் கடையில் பதினோரு வருஷம் குப்பை கொட்டிய மிஷின். வாங்கியபோது வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது பல் துலக்காதவன் பல் நிறம். கூடவே ஒரு பிரிண்டர். அது தாளை இழுக்கும் சத்தத்தைக் கேட்டால் யாரோ மூச்சிரைக்க மாடிப்படி ஏறுகிறார்கள் என்று கதவைத் திறக்கத் தோன்றும்.

விஷயம் இதுதான். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் அந்த விரல்கள் தோசை மாவைத்தான் கலக்கின. போன ஐப்பசியில் திடீரென்று, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரில் இருக்கும் ராக்கியப்பன் கடையில் ஏறி, “டைப் அடிக்க வரட்டுங்களா?” என்று கேட்டுவிட்டாள். அவரும் வந்து பழகச் சொன்னார். கடையின் டைப்பிஸ்ட் திருப்பூருக்குப் போய்விட்டதால் அந்த நாற்காலி இப்போது காலி. மே ஒன்பதாம் தேதி பதிவாக வேண்டிய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருக்கிறது. ஐந்து அண்ணன் தம்பிகள், முப்பத்தெட்டு பக்கம். அதைப் பிழையில்லாமல் முடித்துக்கொடுத்தால் நாற்காலி அம்மாவுக்கு. கடைக்கு அடுத்த மாதம் புது கம்ப்யூட்டர் வருகிறதாம். அதுவரை கலாமணி வீட்டிலிருந்தே அடிக்கட்டும், அப்புறம் பழசை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று ராக்கியப்பன் பெரிய மனசு பண்ணியிருக்கிறார். தன் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டுவதற்குப் பெரிய மனசு என்று பெயர்.

கலாமணி என்பது அம்மா. மேற்படி அம்மாவுக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது டைப் அடிப்பது ஒன்றுதான். அப்பா மஞ்சள் கிடங்கில் வேலை. அவருக்கு மூட்டையை எண்ணத் தெரியும். ஆகவே இந்தக் குடும்பத்தில் கம்ப்யூட்டர் அறிந்த ஒரே ஜீவன் நான் என்பதை இதன்மூலம் பதிவு செய்கிறேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்தேன். துவட்டினேன். இரண்டு இட்லி சாப்பிட்டேன். அப்போதுதான் திரையில் முதல் வெளிச்சம் வந்தது. அதுவும் கூச்ச சுபாவம், முழுதாக வரவில்லை.

திரையை அப்படியே படம் பிடித்து, அந்தப் படத்தையே பின்னணியாக வைத்து, உண்மையான ஐகான்களை ஒளித்துவிட்டேன். அப்பா மஞ்சள் விலை பார்க்க உட்கார்ந்து, படத்தைக் கால் மணி நேரம் கிளிக் செய்தார். மவுஸைத் தூக்கி ஊதினார். கடைசியில் செல்லமாக இரண்டு தட்டு. நான் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “இதுல விளையாட வேண்டாங்கண்ணு. அந்தப் பத்திரம் இதுக்குள்ளதான் இருக்குது. வெளிய ஒரு துண்டுத்தாள்கூட இல்ல” என்றாள்.

கைப்பிரதி கிடையாதாம். ராக்கியப்பன் வாயால் சொல்ல, ஐந்து அண்ணன் தம்பிகளும் பெஞ்சில் உட்கார்ந்து வரிக்கு வரி சண்டை போட, அம்மா நேரடியாக அடித்தது. மூன்று வாரம் ஓடியிருக்கிறது. ஒரு தென்னை மரம் யாருக்கு என்பதற்கு மட்டும் இரண்டு நாள். மனித குலம் நிலவுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அம்மா அடிப்பதை வேடிக்கை பார்த்தேன். கீபோர்டில் ஆங்கில எழுத்து இருக்கிறது. அவள் அதைப் பார்ப்பதே இல்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தபடி அடிக்கிறாள். திரையில் ‘இதற்கு நான்கெல்லையாவது’ என்று தமிழ் வருகிறது. ஆனால் உடனே வருவதில்லை. அவள் ஒரு வரி அடித்து முடித்த பிறகு, எழுத்துகள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொன்றாக நகர்ந்து வருகின்றன.

“அம்மா, இதுக்குப் புதுசா ஓ.எஸ். போடோணும். பழசை அழிச்சுட்டு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் திரும்பப் போட்டா குதிரையாட்டம் ஓடும்.”

“ஒம்பதாந்தேதி முடியட்டும். அப்பறம் குதிரையாக்கு, கழுதையாக்கு. இப்பத் தொடாத.”

“நான் போடறனே. எனக்குக் கண்ணைக் கட்டிட்டாக்கூட வரும்.”

“கண்ணைக் கட்டிட்டுப் பண்ற வேலையெல்லாம் நம்மூட்ல வேண்டாஞ்சாமி.”

அறிவுக்கு இந்த வீட்டில் கிடைக்கும் மரியாதை இது. செவ்வாய்க்கிழமை அம்மா காங்கேயத்தில் சொந்தக்காரர் வீட்டுச் சீருக்குப் போகிறாள். சாயங்காலம்தான் வருவாள்.

சும்மா குறித்து வைத்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வெற்றி! ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் ஒரு கிழட்டு மிஷினை வாலிபமாக்கிய வரலாறு பின்வருமாறு.

நான் ஒன்றும் முட்டாள் இல்லை. முதலில் அம்மாவின் பத்திரக் கோப்புகள் மொத்தத்தையும் பென்டிரைவில் ஏற்றினேன். பாகப்பிரிவினை, கிரயம், தான செட்டில்மெண்ட், ராக்கியப்பனின் பதினோரு வருஷ ஜமீன் முழுவதும் என் கட்டைவிரல் நீளத்தில் அடங்கிவிட்டது. பிறகு புது ஓ.எஸ். இருந்த இன்னொரு பென்டிரைவைச் செருகினேன். ‘எந்தப் பகுதியில் போடுவது?’ என்று மிஷின் கேட்டது. பழசெல்லாம் காலி செய், மொத்த இடமும் ஒரே பட்டா என்று உத்தரவிட்டேன். அண்ணன் தம்பி ஐந்து பேருக்கு மூன்று வாரம். எனக்கு ஒரு அழுத்தல்.

நடுவில் மாடி வீட்டு ரூபிணி தயிருக்கு உறை மோர் கேட்டு வந்தாள். என் வகுப்புதான், அதே கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். முதல் மார்க் வாங்குவாள், அதற்கு மேல் விசேஷமில்லை. கால் வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே மேற்பார்வை செய்தேன். மேற்பார்வை என்பது நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும். அவள் போகும்போது மோர் மறந்துவிட்டாள்.

இப்போது மிஷின் சுவிட்சைப் போட்டால் இட்லி விண்டு வாயில் வைப்பதற்குள் விழித்துக்கொள்கிறது. அம்மா வந்ததும் ஆச்சரியப்படுத்த வேண்டும்.

ஏப்ரல் 30, புதன்

பத்திரத்தைத் திறந்தேன். மூடினேன்.

மே 1, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத நேரமில்லை. இன்றும் இல்லை. ஆனாலும் நியாயம் பதிவாக வேண்டும்.

கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. முப்பத்தெட்டு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கம்கூடக் குறையவில்லை. தமிழ்தான் இல்லை. வரிசை வரிசையாக ஆங்கில எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி, ஆச்சரியக்குறி. ஒரு கோழி கீபோர்டின் மேல் குடித்தனம் நடத்தியது போல இருக்கிறது. அந்த மிஷினில் ராக்கியப்பன் கடைக்கென்றே யாரோ செய்துகொடுத்த ஃபாண்ட் ஒன்று இருந்திருக்கிறது. அந்த எழுத்துரு இருந்தால்தான் இந்தக் கிறுக்கல் தமிழாகத் தெரியும். அது பத்திரங்களோடு இல்லை. பழைய ஓ.எஸ்.ஸுக்குள் குடியிருந்திருக்கிறது. குடியிருந்த வீட்டை நான், அதாவது சூழ்நிலை, இடித்துவிட்டது.

எழுத்தை ஒரு இடத்திலும் உருவத்தை இன்னொரு இடத்திலும் வைப்பது எந்த ஊர் அறிவு?

காலையில் அம்மா உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“என்னடா கண்ணு இது?”

“பழைய மிஷின் இல்லம்மா? அதுவா ஒடஞ்சு போச்சு. நான் பாத்து ஓ.எஸ். போட்டு உசுரு குடுத்தேன். இல்லீன்னா மொத்தமும் போயிருக்கும்.”

“அதுவாவா?”

“திடீர்னு கரண்ட்டை நிறுத்துனா இப்படி ஆகும்.”

அம்மா சுவரில் இருந்த சுவிட்சைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “திங்கக்கெழம ராத்திரி இடி இடிச்சுதல்ல... நான் சுவிட்சை அப்படியே அணைச்சுட்டனோ என்னமோ” என்றாள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. அதையும் பதிவு செய்கிறேன். ஆமாம் என்று சொல்லவே இல்லை.

மே 2, வெள்ளி

இணையத்தில் கிடைத்த தமிழ் ஃபாண்ட் அத்தனையும் இறக்கிப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தொன்று. சிலது கிறுக்கலைக் கிறுக்கலாகவே விட்டது. சிலது தமிழாக்கியது, ஆனால் அது எந்தத் தமிழ் என்று தெரியவில்லை. ‘டிஞலூ வபாக்கே ழுதெம்’ என்று ஒன்று சொன்னது. இன்னொன்றில் மூத்த அண்ணனின் பெயர் ‘ஙௌப்பூ’ என்று வந்தது. அவர் இதில் கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்கும்.

அம்மா ராக்கியப்பனுக்குப் போன் செய்தாள். அந்த ஃபாண்டைச் செய்துகொடுத்தவர் கரூர்க்காரராம், காலமாகி நாலு வருஷமாம். பத்திரத்துக்கு அடிக்கடி வரும் எழுத்துகளெல்லாம் கைக்கு எட்டும்படி விசைகளை இடம் மாற்றி அமைத்தாராம். வேறு யாரிடமும் அது கிடையாது. மேதைகள் நகல் எடுத்து வைக்க மாட்டார்கள் போல.

ரூபிணி மாடிப்படியில் நின்றுகொண்டு, “டேய் கிரி, எல்லாஞ் சரியா வேலை செய்யுதா?” என்று கேட்டாள். “குதிரை” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மே 3, சனி

ராக்கியப்பன் மொபெட்டில் வந்து இறங்கினார். அறுபது வயது, கதர்ச் சட்டை, காதில் பேனா. பேசும்போதும் பத்திரம்தான், நிறுத்தற்குறி கிடையாது.

“ஏன் அம்மிணி, பதினோரு வருசம் என்ற கடைல ஓடுன மிசினு. மழைல ஓடுச்சு, இடில ஓடுச்சு. உங்கூட்டுக்கு வந்து ஒரு வாரத்துல படுத்துக்குச்சுன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது?”

“தப்புத்தானுங்க ஐயா. சுவிட்சை...”

“அஞ்சு பேரும் அஞ்சு தெசைல நிக்கறானுக. மூணாமத்தவன் பத்தாந்தேதி காத்தால மஸ்கட்டுக்குப் பிளைட்டு ஏர்றான். அவன் போய்ட்டா இனி ரெண்டு வருசம். அதுக்குள்ள மத்த நாலு பேரும் வெட்டிக்குவானுக. மறுக்கா பெஞ்சுல உக்காரச் சொன்னா மொதல் வரியே ஒத்துக்க மாட்டானுக.”

“நான் எப்படியாவது...”

“எப்படி? வாயைத் தொறந்து சொல்லு, எப்படி?”

அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா மஞ்சள் வாசனையோடு வாசலில் நின்றார். “அவளுக்கு இதெல்லாம் எதுக்குங்க, நான் அப்பவே சொன்னேன்” என்று மட்டும் சொன்னார். உதவி.

நான் இடையில் புகுந்து, “கோப்பெல்லாம் நான் பென்டிரைவுல காப்பாத்தி வெச்சிருக்கறனுங்க” என்றேன்.

ராக்கியப்பன் முகம் மலர்ந்தது. “பாரு, பையனுக்கு இருக்கற புத்தி! தம்பி, உன்ற பேரென்ன?”

சொன்னேன். முதுகில் தட்டிக்கொடுத்தார். கனமான கை. இன்னும் எரிகிறது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மின்விசிறி வெந்நீர் ஊற்றுகிறது.

அம்மா கிறுக்கலில் ஒரு பக்கத்தை அச்சடித்துத் தரச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றாள். பிரிண்டர் மூச்சிரைத்து ஒரு தாளைத் துப்பியது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துக்க வீட்டில் உட்காருவது மாதிரி இருந்ததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் டொக் டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். அம்மா தாளைப் பார்த்துக்கொண்டு, மேசைப்பலகையில் விரல்களால் அடித்துக்கொண்டிருந்தாள். கீபோர்டு இல்லை. வெறும் பலகை.

“அம்மா? என்ன பண்ற?”

“இந்தா, இங்க ‘xpaW’னு இருக்குதல்ல.”

“ஆமா. கோழி.”

“கோழியில்லடா. எடது கை கீழ்வரிசை, வலது கை மேல்வரிசை, எடது சுண்டுவெரல், அப்பறம் ஷிப்ட்டைப் புடிச்சுட்டு ஒண்ணு.” விரல்கள் நான்கு முறை குதித்தன. “கிணறு.”

நான் சிரித்தேன். உளறுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த சொல்லுக்கு விரலைத் தட்டினாள். “கிணற்றில்.” தட்டினாள். “ஐந்தில் ஒரு பாகமும்.” தட்டினாள். “கண்ணு பாத்தாப் புரியல. வெரலுக்குப் புரியுது. நான் என்ன அமுக்குனனோ அதுதானடா தாள்ல நிக்குது. ஆறு மாசமா அமுக்குனது, கை மறக்குமா?”

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அதுவரை படித்ததை ஒரே மூச்சில் சொன்னாள். “கிணற்றில் ஐந்தில் ஒரு பாகமும், மேற்படி கிணற்றில் உள்ள மின்மோட்டாரில் ஐந்தில் ஒரு பாகமும், மாமூல் வண்டித்தடத்தில் நடந்துகொள்ளும் பாத்தியமும்...”

நிற்க. இதில் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஆங்கில எழுத்து என்பது விசையின் பெயர். விசையின் பெயர் தெரிந்தால் எழுத்து தெரியும். இதை நானே யோசித்திருப்பேன், வெயில் மட்டும் இல்லாதிருந்தால்.

மே 5, திங்கள்

ஏற்பாடு இது: கிறுக்கல் தாள் அம்மாவின் முன்னால். அவள் பலகையில் தட்டித் தட்டிச் சொல்கிறாள். நான் புது ஓ.எஸ்.ஸில், போனில் அடிப்பது போல, ‘amma’ என்று ஆங்கிலத்தில் தட்டித் தமிழாக்குகிறேன். அம்மாவுக்கு அந்த முறை வராது. எனக்கு வரும், ஆனால் நான் இதுவரை அந்த முறையில் அடித்ததெல்லாம் ‘டேய் எங்கடா இருக்க’ ரகம். ‘சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று யாருக்கும் மெசேஜ் அனுப்பியதில்லை.

“வேகமா அடிடா. உன்ற கை என்ன, மாவு பெசையற மாதிரி போகுது?”

“சித்த பொறும்மா. ‘பாத்தியம்’ங்கறதுக்கு அது ‘பாத்திரம்’னு போட்டுக்குது.”

“பாத்தரத்தை அப்பறம் கழுவிக்கலாம். பாத்தியத்தைப் போடு.”

அம்மாவுக்கு நக்கல் வரும் என்பது எனக்குத் தெரியாது. யாரிடமிருந்து கற்றுக்கொண்டாளோ.

ஒரு இடத்தில் வேண்டுமென்றே நாலாமவருக்குத் தென்னை மரத்துக்குப் பதில் முருங்கை மரம் என்று அடித்துப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை ஓடிய சத்தத்தை வைத்தே, “அங்க என்னமோ ஒண்ணு நீளமா அடிச்சயே, என்னது?” என்று கேட்டாள். தென்னை மரத்தைத் திரும்ப நட்டேன்.

பதினோரு பக்கம்.

மே 6, செவ்வாய்

பகலில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அம்மா விசிறிக்கொண்டே அடுத்த பக்கத்தை எனக்குச் சொல்லிக் காட்டினாள். தாளைப் பார்க்காமல். இருபத்து மூன்று பக்கம்.

மே 7, புதன்

அப்பா மதியம் சாப்பிட வந்தவர், ஒரு சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே வேடிக்கை பார்த்தார். அம்மாவின் விரல்களைத்தான் பார்த்தார் என்று நினைத்தேன். “பையன் இல்லீன்னா இந்நேரம் என்ன ஆயிருக்கும்?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவின் விரல்கள் ஒரு சொல்லில் தடுமாறி, அழித்து, மறுபடி தட்டின. வெறும் பலகையில் எதை அழித்தாள் என்று தெரியவில்லை.

முப்பத்தெட்டு. முற்றும்.

மே 8, வியாழன்

காலையில் ராக்கியப்பன் கடைக்குப் போனோம். அச்சடித்த பத்திரத்தை அவர் வரி வரியாகப் படித்தார். நடுவில் ஒரு டீ குடித்தார். கடைசிப் பக்கத்தில் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். திருத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பக் காதில் செருகினார்.

“அப்படியே இருக்குது. நான் சொன்னது ஒரு வார்த்தை மாறல. எப்படிப்பா?”

அம்மா முந்திக்கொண்டு, “என்ற பையன் உக்காந்து அடிச்சதுங்க. நாள் பூரா எந்திரிக்கல” என்றாள். பொய் இல்லை. ஆனால் மீதியைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்று இருவரும் விட்டுவிட்டோம் போலிருக்கிறது.

ராக்கியப்பன் நாற்காலியில் சாய்ந்தார். “அம்மிணி, மனசுல எடுத்துக்காத. உனக்குக் கை வேகம் இருக்குது, மிசினு ராசி இல்ல. புது மிசினு வேற வருது. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா எனக்குத் தொழில் போயிரும். தம்பி லீவு பூரா வந்து உக்காரட்டும். அப்பறம் பள்ளிக்கோடம் விட்டு வந்து ரெண்டு மணி நேரம் பாத்தாப் போதும். என்ன தம்பி?”

“சரிங்க” என்றேன். வாய் அப்படித்தான் சொன்னது.

“ரொம்ப சந்தோசமுங்க ஐயா. அவனே வரட்டுங்க” என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் துடைத்தாள். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, இடுக்கில் இருந்த தூசியை ஈர்க்குச்சியால் எடுத்தாள். மேலே ஒரு பழைய துண்டைப் போர்த்திவிட்டு, மாவாட்டப் போய்விட்டாள்.

எனக்குப் பதினாறு வயதில் வேலை கிடைத்துவிட்டது. பெருமையாக இருக்கிறது. பெருமையாகத்தான் இருக்கிறது. ஏன் இருக்கக் கூடாது?

மே 9, வெள்ளி

ரிஜிஸ்டர் ஆபீஸ் வளாகத்தில் ஐந்து அண்ணன் தம்பிகளும் வேப்பமரத்தின் ஐந்து பக்கமும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ராக்கியப்பன் பத்திரத்தை உரக்கப் படித்தார். கிணறு வந்தது, ஐவரும் தலையை ஆட்டினார்கள். வண்டித்தடம் வந்தது, ஆட்டினார்கள். தென்னை மரம் வந்தபோது நாலாமவர் மட்டும் கொஞ்சம் அதிகமாக ஆட்டினார். கையெழுத்து, கைரேகை, போட்டோ எல்லாம் முடிந்தது. மூன்றாமவர் வெளியே வந்து பெரியவர் காலைத் தொட்டார். பெரியவர் அழுதுவிட்டார். சிரிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

ராக்கியப்பன் என் தோளில் கை போட்டு இழுத்து, “இந்தத் தம்பிதான் உங்க பத்திரத்தைக் காப்பாத்துனது. இனி நம்ம கடை ஆளு” என்றார். ஐந்து பேரும் என்னைக் கும்பிட்டார்கள். அம்மா கொஞ்சம் தள்ளி, மைப்பெட்டி, பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அது மனதாரச் சிரித்த சிரிப்பு. அதுதான் தாங்கவில்லை.

“ஐயா, மிஷின் அதுவா ஒடையலீங்க” என்றேன்.

“என்னது?”

“நான்தான் அழிச்சேன். அம்மா ஊர்ல இல்லாதப்ப. தொடாதன்னு சொல்லீட்டுத்தான் போனாங்க. ஃபாண்ட்டுன்னு ஒண்ணு தனியா இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க. கிறுக்கலைப் படிச்சதும் அம்மாதானுங்க. வெறும் மேசைல வெரலைத் தட்டித் தட்டிப் படிச்சாங்க. நான் சொல்லச் சொல்ல அடிச்சேன், அவ்வளவுதான்.”

ராக்கியப்பன் கையை என் தோளிலிருந்து எடுத்தார். தோள் ஒரு விரற்கடை உயர்ந்தது.

“அப்ப உனக்கு என்னதாண்டா தெரியும்?”

“கேம் விளையாடத் தெரியுங்க.”

ஐவரில் யாரோ சிரித்தார்கள். கும்பிட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்ட சிரிப்பு. நான் அம்மாவைப் பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப நான் சுவிட்சைச் சரியாத்தான் அணைச்சிருக்கறனா?” என்று கேட்டாள்.

“சரியாத்தாம்மா அணைச்சிருக்கற.”

“ஒரு வாரமா அதையே நெனச்சுட்டு இருந்தண்டா” என்றாள். பிறகு மைப்பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மடமடவென்று பாதி குடித்தாள்.

ராக்கியப்பன் காதிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்தார், செருகினார், மறுபடி எடுத்தார். “திங்கக்கெழம பத்து மணிக்கு வந்துரு அம்மிணி. புது மிசினு எப்ப வந்தாலுஞ் சரி, நீ சொல்ற மாதிரிதான் அதை அமைக்கறது. இவன் கடைப்படி ஏறக் கூடாது.”

“அவன் ஏற மாட்டானுங்க” என்றாள் அம்மா. அந்தக் குரலில் இருந்தது இனி எனக்கு ஒரு வருஷத்துக்குப் போதும்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நல்ல நடை. ஆனால் ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது. ராக்கியப்பனிடம் சொல்லாததை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு ரூபிணி மோருக்கு வரவில்லை. நான் மாடியேறிப் போய்க் கெஞ்சிக் கூப்பிட்டேன். எனக்கு ஓ.எஸ். போடத் தெரியாது. போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, மூன்றாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டு முழித்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் ஒரு கேள்வி கேட்டாள்: “ஃபாண்ட் ஃபோல்டரை எடுத்து வெச்சுட்டயா?” அப்படி ஒன்று உண்டென்றே எனக்குத் தெரியாது. தெரியாது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. “அதெல்லாம் அப்பவே” என்றேன். “எதுக்கும் இரு, ஒருக்கா திறந்து பாத்துக்கறேன்” என்று அவள் மவுஸைப் பிடிப்பதற்குள், என் அவசரத்தைக் காட்ட நானே கையை நீட்டி ‘அழி’ என்பதை அழுத்திவிட்டேன். அதற்குப் பிறகு நடந்த ஒரு மணி நேரம் பத்து நிமிடமும் அவள் வேலை. நான் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஆகவே, இந்த மிஷினுக்கு நான் செய்ததாக எழுதியிருக்கும் சிகிச்சையில், அழித்தது மட்டும்தான் என் சொந்த வேலை.